தொடலாம், தாண்டக் கூடாது

ரூசேயிலிருந்து ஜூர்ஜுவுக்குப் போகும் பேருந்து
பாலத்தின் மேல் நின்றுவிட்டது.
மூடுபனி. முன்னால் ஒரே வரிசையாய் லாரிகள்.
கீழே தன்யூப் ஓடுகிறது என்பதை
நம்பத்தான் வேண்டும்.

நேற்று தியோதோசி திரையில் வரைபடம் காட்டினான்.
"பார் ஸ்னெஜினா, கோடு அச்சுக்கு மேலேயே போகிறது,
வேறென்ன வேண்டும் உனக்கு?"
எனக்கு வேண்டியது நிறைய.
கோட்டுக்குத் தடிமன் உண்டு.
அந்தத் தடிமனுக்குள் ஒரு குறை எண்
போர்வைக்குள் ஒளிந்த பிள்ளை மாதிரி
மூச்சுக் காட்டாமல் படுத்திருக்க முடியும்.
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
கொஞ்சம் சத்தமாகவே.

−9x³ + 24x² − 13x + 2
பூச்சியத்திலிருந்து ஒன்று வரை,
இரு முனைகளும் சேர்த்தி,
எங்கேயும் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது.
நிறுவ வேண்டியது இவ்வளவுதான்.

முனைகளில் கவலையில்லை: இங்கே இரண்டு, அங்கே நான்கு.
பாலத்தின் இரு கோடியிலும் சுங்கக் கூண்டில்
விளக்கெரிகிற மாதிரி.
இடையிலிருக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாய் நிறுத்தி விசாரிக்க
ஆயுள் போதாது, யாருடைய ஆயுளும்.

ஆகவே ஒரு சுங்கப் படிவத்தின் பின்புறத்தில்
கோவையை நான்கு எண்களாய் மாற்றி எழுதினேன்:
2, −7/3, 4/3, 4.
நான்கில் எதுவும் குறை இல்லையென்றால்
கோவையும் குறையாது, வழக்கு முடிந்தது.
ஒன்று குறை.
அதனால் கோவை குற்றவாளி என்றில்லை.
இன்னும் விடுவிக்கப்படவில்லை, அவ்வளவே.

பாதியாய் வெட்டு.
அடுத்தடுத்த எண்களைக் கூட்டி இரண்டால் வகு,
வந்ததை மறுபடி, மறுபடி.
வலது பாதி: 3/8, 13/12, 8/3, 4.
சுத்தம்.
இடது பாதியில் இரண்டு குறைகள்.
அதையும் வெட்டினேன். முதல் கால் பங்கு சுத்தம்.
மிச்சத்தில் ஒரு குறை.

ஓட்டுநர் ஃபனெல் எஞ்சினை அணைத்துவிட்டு
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார்.
"கணக்கா?"
"ஆமாம்."
"எவ்வளவு வருகிறது?"
"எவ்வளவு வந்தாலும் சரி, கீழே போகக் கூடாது."
பனிக்குள் எட்டிப் பார்த்து,
"பாலமும் அப்படித்தான்" என்றார்.
சிரிக்கவில்லை.

அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்.
ஒவ்வொரு வெட்டிலும் ஒரு துண்டுக்கு விடுதலை.
இன்னொன்று தன் குறையைச் சுருக்கி
உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு
அப்படியே என் முன்னால் நிற்கிறது.
சுருங்குகிறது. போவதில்லை.

பென்சில் மழுங்கிய பிறகுதான் உறைத்தது
குற்றம் கோவையில் இல்லை, கத்தியில் என்று.
பாதி பாதியாகவே வெட்டிக்கொண்டு போகிறவள்
மூன்றில் ஒன்றின் மேல் ஒருநாளும் கத்தி வைக்க மாட்டாள்.
அந்த வரிசையில் அதற்கொரு பேரே இல்லை.
அங்கேதான் கோவை பூச்சியத்தைத் தொடுகிறது.
தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலேறுகிறது.

(3x − 1)² (2 − x)

எதன் வர்க்கமும் பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை.
x ஒன்றைத் தாண்டாத வரை
இரண்டில் மிச்சம் இருந்தே தீரும்.
இரண்டு வரி.
ஒரு மணி நேரம் வெட்டியதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன்.
எங்கே பார்க்க வேண்டும் என்று
சொல்லாமல் சொன்னது அந்த வெட்டுதான்.

பேருந்தும் அப்போது
பாலத்தின் மூன்றில் ஒரு பங்கில் நின்றது
என்று எழுத ஆசை.
தெரியாது. அந்தப் பனியில் தூண்களை யார் எண்ணினார்கள்?

அவன் வரைபடத்திலும் அந்த இடத்தில்
கோடு அச்சோடு ஒட்டித்தான் கிடந்திருக்கும்.
மேலேயே போகிறது என்று அவன் சொன்னதும் பிசகு,
கீழே போகும் என்று நான் பயந்ததும் பிசகு.
தொலைபேசியில் எழுதினேன்:
தொடுகிறது. தாண்டவில்லை. கதவுக்கு மன்னிப்பு.

சிக்னல் இல்லை.
முன்னாலிருந்த லாரி
ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.